செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கிற உறுப்பினர்களுக்கும், வராமல் நாளைக்கு வாட்ஸ்அப்பில் கருத்து சொல்லப்போகிறவர்களுக்கும் வணக்கம்.

வழக்கமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். ரத்ததான முகாம் நடந்தது. விளையாட்டுப் போட்டி நடந்தது, பரிசும் கொடுத்தாயிற்று. நூலக அறைக்கு வெள்ளையடித்தோம். செயற்குழு மாதாமாதம் கூட்டப்பட்டது, சில மாதம் போதிய ஆள் (கோரம்) சேராமல் கலைந்தது.

அப்புறம், மேல்நிலை மாணவர்களுக்கான பருவநிலை வகுப்பு. இதை விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் "சங்கத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்" என்று போன பொதுக்குழுவில் கேட்டவர்களில் ஒருவர்கூட வகுப்புப் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை.

பூமி ஏன் சூடாகிறது என்று முதல் நாள் கேட்டதும் பாதிப் பேர் "ஓசோனில் ஓட்டை" என்றார்கள். அது வேறு கதை. ஓசோனைக் கெடுத்த ரசாயனங்களுக்கு 1987-இல் மான்ட்ரியல் ஒப்பந்தம் கடிவாளம் போட்டது, படலமும் மெல்லத் தேறி வருகிறது. இப்போது ஏறும் சூட்டுக்கு முக்கியக் காரணம் நிலக்கரி, பெட்ரோல், எரிவாயு எரித்து வரும் கரியமில வாயு. தரையிலிருந்து வெளியேறப் பார்க்கும் வெப்பத்தை அது பிடித்து வைக்கிறது. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்குச் சுமார் 280 பங்கு இருந்தது, இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. அமெரிக்க விஞ்ஞானி சார்லஸ் கீலிங் 1958-இல் ஹவாயில் இந்த வாயுவை அளக்கத் தொடங்கியதில் வந்த வரைபடத்தைக் காட்டினேன். கோடு ஏன் ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கி ஏறுகிறது என்று மாணவர்களே கேட்டார்கள். வட அரைக்கோளத்துச் செடிகொடிகள் துளிர்க்கும்போது வாயுவை இழுக்கின்றன, இலை உதிர்ந்து மட்கும்போது திரும்ப விடுகின்றன. நாம் கேட்காமல் அவர்கள் கேட்டால்தான் பாடம் ஏறும்.

பாட்டிலில் கரியமில வாயு நிரப்பி விளக்கடியில் வைத்து, அது சாதாரணக் காற்று பாட்டிலைவிடச் சூடாவதைக் காட்டும் சோதனையைச் செய்யச் சொல்லி ஒரு உறுப்பினர் வற்புறுத்தினார். மறுத்துவிட்டேன். அதில் தெரியும் வித்தியாசம் பெரும்பாலும் அந்த வாயு கனமாக இருப்பதால் வருவது. சரியான விடையைத் தவறான காரணத்தோடு சொல்லித்தருவானேன்? அதற்குப் பதில் இரண்டு கண்ணாடித் தொட்டிகள் வைத்தோம். ஒன்றில் பனிக்கட்டி மிதந்தது, இன்னொன்றில் தண்ணீருக்கு மேல் நீட்டிய கல்லின் மீது இருந்தது. நீர்மட்டத்தில் பேனாவால் கோடு போட்டுவிட்டுக் காத்திருந்தோம். மிதந்தது உருகியும் மட்டம் கோட்டிலேயே நின்றது, கல் தொட்டியில் ஏறிவிட்டது. நிலத்தின் மேல் பனி கிடக்கும் கிரீன்லாந்து அந்தக் கல் தொட்டிதான், அதன் பனி முழுக்க உருகினால் கடல் சுமார் 7 மீட்டர் உயரும். "அப்ப ஆர்க்டிக் கடல் பனி உருகினா பரவாயில்லையா சார்?" என்றாள் கடைசி வரிசைப் பெண். வெள்ளைப் பனி வெயிலைத் திருப்பி அனுப்பும், அது போனால் அடியிலிருக்கும் கருத்த கடல்நீர் வெயிலைக் குடிக்கும் என்றதும் அவளே மீதியைச் சொல்லிவிட்டாள்.

2024-தான் பூமியின் சராசரி வெப்பநிலை தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிட 1.5 டிகிரிக்கு மேல் கூடிய முதல் ஆண்டு என்றபோது வகுப்பு அமைதியாகிவிட்டது. "முடிஞ்சு போச்சா?" என்றான் ஒருவன். இல்லை, சூட்டை 1.5 டிகிரிக்குள் நிறுத்தப் பார்க்கும் 2015 பாரிஸ் ஒப்பந்த இலக்கை ஒரே ஆண்டை வைத்துக் கணக்கிடுவதில்லை, டிகிரியில் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலும் அதற்கு மதிப்பு உண்டு. ஆனால் பயத்தோடு மட்டும் வீட்டுக்கு அனுப்பினால் அது வகுப்பே இல்லை. மரக்கன்று நட்டு போட்டோ எடுக்கலாம் என்றார்கள் நம் ஆட்கள். தண்ணீர் யார் ஊற்றுவது என்று கேட்டேன், பதில் வரவில்லை. மாணவர்கள் பள்ளியின் மின்மீட்டரை வாராவாரம் குறித்தார்கள், ஆளில்லா அறையில் ஓடும் மின்விசிறிகளைப் பட்டியல் போட்டார்கள், பழைய விளக்குகளை எல்.இ.டி.யாக மாற்றக் கேட்டுத் தலைமையாசிரியருக்கு மனு கொடுத்தார்கள். விளக்குகள் பாதி மாறிவிட்டன, மீதிக்கு இன்னும் நச்சரிக்கிறார்கள்.

பாடம் எடுக்க வருகிறேன் என்று கைதூக்கியவர்கள் தேதி சொன்னதும் காணாமல் போனார்கள். பெயர் சொல்லவில்லை, அவர்களுக்கே தெரியும்.

வரவு செலவைத் தணிக்கையாளர் பார்த்துவிட்டார். கையிருப்பு இருக்கிறது, மார்தட்டிக்கொள்ளும் அளவுக்கு இல்லை. சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் கட்டியவர்களைவிட அதிகம். தொட்டி, வெப்பமானி வாங்கிய ரசீதுகள் இன்னும் என் பையில்தான் இருக்கின்றன.

தலைவர், பொருளாளர், பள்ளி ஆசிரியர்கள், நன்கொடையாளர்கள் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இந்தப் பொறுப்பை யாராவது விரும்பினால் தாராளமாக ஏற்கலாம், நான் குறுக்கே நிற்கமாட்டேன். ஆனால் பருவநிலை வகுப்பின் இரண்டாம் தொகுதிக்கு மாணவர்கள் இப்போதே பெயர் கொடுத்துவிட்டார்கள், பாடம் நடத்த ஆளும் வேண்டும், பணமும் வேண்டும். சந்தா ரசீதுப் புத்தகம் பொருளாளர் மேசையில் இருக்கிறது, கூட்டம் முடியும்வரை அங்கேயே இருக்கும்.

இப்படிக்கு,
செயலாளர்