பச்சரிசித் தாம்பாளத்துக்கு மறுநாள்

ஆசிரியருக்கு வணக்கம்.

விஜயதசமி வந்தால் நாளிதழ்களில் தவறாமல் ஒரு படம் வரும். தாம்பாளத்தில் பச்சரிசி, அப்பிச்சி (அம்மாவின் அப்பா) மடியில் குழந்தை, விரலைப் பிடித்து 'அ'. மறுநாள் அந்த அரிசி உலைக்குப் போய்விடும். குழந்தையின் கைக்குப் பென்சிலும் ரெட்டைக்கோடு நோட்டும் வந்துவிடும். கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் எல்.கே.ஜி. பிள்ளைக்கே பக்கம் பக்கமாக 'அ' எழுதும் வீட்டுப்பாடம் கொடுக்கும் இடங்கள் இருக்கின்றன. விரலால் தொட்டு எழுதும் அந்தச் சடங்கைத் தினமும் பத்து நிமிடப் பாடமாக்கலாம். எப்படி, எங்கே சறுக்கும் என்பதை அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் பெற்றோருக்குமாக எழுதுகிறோம்.

முதலில் அந்த அரிசி. மணி பெரிது, விரல் போன தடம் நிற்காமல் சரிந்து மூடிக்கொள்ளும். சடங்குக்குச் சரி, படிப்புக்கு ஆகாது. சலித்த ஆற்று மணலோ ரவையோ போதும். 30 செ.மீ. நீளம், 22 செ.மீ. அகலம், 3 செ.மீ. விளிம்பு உள்ள தட்டுக்கு மணல் அரைக் கிலோ. ரவை என்றால் கால் கிலோ. பரப்பினால் அரை செ.மீ. கனம் வரும். அதற்கு மேல் கொட்டினால் தட்டின் அடி தெரியாது, கோடும் சரியும். குறைத்தால் நகம் தட்டில் உரசிக் கூசும், குழந்தை கையை இழுத்துக்கொள்ளும். அடியில் கருநீலச் சார்ட் தாளை ஒட்டிவிடுங்கள்; விரல் போன வழியெல்லாம் எழுத்து நீலமாகத் தெரியும். மணலை மாவு சல்லடையில் சலித்து, தண்ணீர் தெளியும்வரை அலசி, ஒரு நாள் வெயிலில் காயவைக்க வேண்டும். ஆற்று மணல் கிடைக்கவில்லை என்று எம்-சாண்ட் கொட்டாதீர்கள்: உடைத்த கல், முனை கூர்மை, தூசி அதிகம். கோவைப் பக்கம் சும்மா கிடைக்கிறதே என்று ஃபவுண்டரி (இரும்பு வார்ப்பாலை) மணலை அள்ளி வருவது அதைவிட மோசம். பிசினும் உலோகத் துகளும் கலந்தது, நுண்தூசி மூச்சில் ஏறும். ரவையில் வண்டு விழும், வாரம் ஒருமுறை மாற்றுங்கள்.

அடுத்து அந்த 'அ'. சுழி, வளைவு, குறுக்குக் கோடு, நெட்டுக் கோடு எல்லாம் ஒரே எழுத்தில் வரும் கடினமான வடிவம் அது. பார்த்து வரைவதில் மூன்று வயதை ஒட்டி வட்டம் வரும், நான்கில் கூட்டல் குறி, ஐந்தை நெருங்கும்போதுதான் சதுரம். அகரவரிசை பாட்டாக வாயில் இருக்கட்டும். விரலுக்கு ட, ப, ம என்று தொடங்குவதே நல்லது. இந்த மூன்றோடு புள்ளியும் தெரிந்துவிட்டால் படம், மடம், பட்டம், மட்டம் எல்லாம் படிக்கலாம். துணைக்கால் சேர்ந்தால் பாடம், மாடம். பத்தே நாளில் குழந்தை சொல் படிக்கும். பன்னிரண்டு உயிரெழுத்தையும் எழுதி முடித்த பிள்ளையால் அம்மா என்ற சொல்லைக்கூடப் படிக்க முடியாது, ம் என்பதும் மா என்பதும் அந்தப் பன்னிரண்டில் இல்லை.

இனி நாங்கள் முக்கியமாகச் சொல்ல வந்தது. மணல் தட்டு, களிமண், உப்புத்தாள் எழுத்து எல்லாம் இருக்கும் வகுப்பிலும் பல நேரம் பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டு தடவுகிறார்கள். அப்படிச் செய்தால் அது ஓவிய வேலை. விரல் ப-வின் மேல் நகரும்போதே வாய் 'ப' என்று சொல்ல வேண்டும். விரல் நிற்கும்போது ஒலியும் நிற்க வேண்டும். 2004-இல் பிரான்சிலிருந்து வெளிவந்த ஒரு மழலையர் ஆய்விலும் இதுதான் தெரிந்தது: ஒலிப்பயிற்சியோடு எழுத்தைக் கண்ணால் மட்டும் பார்த்த குழந்தைகளைவிட, அதே ஒலிப்பயிற்சியோடு விரலாலும் தடவிப் பார்த்தவர்கள் புதுச் சொல்லை நன்றாக எழுத்துக்கூட்டினார்கள். 'இவன் பார்த்துக் கற்பவன், இவள் கேட்டுக் கற்பவள்' என்று பிள்ளைகளைப் பிரிப்பதற்கு இதைச் சான்றாக்க வேண்டாம். அந்தப் பிரிவினைக்கு உருப்படியான ஆதாரம் கிடையாது. எல்லாப் பிள்ளைக்கும் கண், காது, வாய், கை நான்கும் சேர்ந்தே வேலை செய்யட்டும்.

வாய் எதைச் சொல்ல வேண்டும் என்பதில்தான் வீட்டில் குழப்பம். 'பானா', 'டானா', 'இம்மன்னா' என்று எழுத்தின் பெயரைச் சொல்லிக் கொடுக்கிறோம். குழந்தை 'ப-இட்-ட-இம்' என்று நிற்கும். அது பட்டம் என்று அதற்கு எப்படித் தெரியும்? ப என்றால் ப, அவ்வளவுதான். புள்ளி எழுத்தைத் தனியாகச் சொல்ல வைக்காமல் முன்னெழுத்தோடு ஒட்டிக் கைதட்டச் சொல்லுங்கள்: பட், டம், இரண்டு தட்டு. (பத்தாம் வகுப்பில் தேமா, புளிமா என்று அலகிட்டுத் திணறுகிறோமே, அதேதான். நான்கு வயதில் கைதட்டிவிட்டால் பிறகு பயம் இருக்காது.)

உப்புத்தாள் எழுத்து மரியா மாண்டிசோரி வகுத்த முறை. 1907-இல் ரோமில் குழந்தைகள் இல்லம் தொடங்கியவர், 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து நம் ஆசிரியர்களுக்கும் பயிற்சி கொடுத்தார். ஹார்டுவேர் கடையில் 120-ஆம் எண் தாள் கேளுங்கள். 80 விரலைக் கீறும், 220 வழவழ என்று இருக்கும், தொட்டது தெரியாது. எழுத்து 10 செ.மீ. உயரம், கோடு ஒரு செ.மீ. அகலம், ஒரு தாளில் நான்கு எழுத்து வெட்டலாம். தாளின் பின்பக்கம் வரைந்து வெட்டுவதுதான் சுலபம், ஆனால் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி வரைய வேண்டும். மறந்தால் எழுத்து இடம் வலமாக மாறிவிடும். நல்ல கத்தரியை எடுக்காதீர்கள், மழுங்கிப் போகும். கெட்டி அட்டையில் ஃபெவிகால் தடவி ஒட்டி, இரவு முழுக்க மேலே கனமான புத்தகம் வையுங்கள். இல்லாவிட்டால் ஓரம் சுருண்டுகொள்ளும். எழுத்து தொடங்கும் இடத்தில் ஒரு பச்சை ஸ்டிக்கர் பொட்டு. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சேர்த்து அங்கிருந்து தடவ வேண்டும். குழந்தையின் விரலை மேலிருந்து பிடித்து அழுத்தி இழுத்தால் எழுதுவது உங்கள் கைதான். முதல் தடவை மணிக்கட்டைத் தாங்கிக் காட்டிவிட்டு விட்டுவிடுங்கள்.

ஒரு வேளைக்கு மூன்று எழுத்து போதும். 'இது ப' என்று தடவிக் காட்டுவது முதல் படி. 'ப எது, எடுத்துக் கொடு கண்ணு' என்பது இரண்டாவது. 'இது என்ன?' என்பது கடைசி. கடைசியில் தவறினால் 'தப்பு' என்று சொல்லாமல் இரண்டாவதுக்குத் திரும்புங்கள். பலரும் இரண்டாவதைத் தாவிவிட்டு மூன்றாவதைக் கேட்கிறார்கள், குழந்தை விழிக்கிறது.

ஆங்கில வகுப்பைப் பார்த்து 'இந்த எழுத்தில் தொடங்கும் பொருளைப் பெட்டியிலிருந்து எடு' என்ற விளையாட்டும் வந்திருக்கிறது. ப, ம-வுக்குப் பொருந்தும். ட, ண, ழ, ள, ற, ன ஆகியவை தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராதவை. டப்பா, டம்ளர் என்று இரவல் சொல்லைத் தேட வேண்டியிருக்கும். அவற்றைச் சொல்லின் நடுவிலோ கடைசியிலோ தேடச் சொல்லுங்கள்: வாழை, மஞ்சள், காற்று. ட-வுக்கு ஆடு, மாடு, பட்டம் மூன்றையும் சேர்த்தே காட்டுங்கள். 'ஆடு' என்பதில் ஒரு ஒலி, 'பட்டம்' என்பதில் வேறு ஒலி, எழுத்து ஒன்று.

குறில் நெடிலுக்குத் திருப்பூரிலேயே சாமான் இருக்கிறது: பனியன் கம்பெனி எலாஸ்டிக். இரண்டு செ.மீ. அகலத்தில் 20 செ.மீ. துண்டு, இரு முனையிலும் விரல் நுழையும்படி துணி வளையம் தைத்துக்கொள்ளுங்கள். வளையம் இல்லாவிட்டால் கை நழுவி முகத்தில் அடிக்கும். 'கல்' என்னும்போது சும்மா பிடிக்க வேண்டும், 'கால்' என்னும்போது இழுக்க வேண்டும். ஒரு மாத்திரையும் இரண்டு மாத்திரையும் கைக்கே தெரியும். எடு–ஏடு, கொடு–கோடு இணைகளை அதிகம் பழக்குங்கள். வேலைக்காகக் குடிவந்த பீகார்க் குடும்பத்துப் பிள்ளைகள் இங்கே நம் பள்ளிகளில் படிக்கிறார்கள். இந்தியில் எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடு இல்லாததால் அவர்களுக்கு இது கூடுதலாகத் தேவை.

உயிர்மெய் 216-ஐயும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. மெய்வரிசை 18 அட்டை, குறிகளுக்குத் தனி அட்டை. ஈரோட்டுப் பெரியார் 1935-இல் தம் இதழில் கையாளத் தொடங்கி, 1978-இல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட எழுத்துச் சீர்திருத்தத்தால் துணைக்காலும் (ா) இணைக்கொம்பும் (ை) எல்லா எழுத்துக்கும் ஒரே அட்டையாகிவிட்டன. வீட்டுப் பெரியவர்கள் பழைய வழக்கப்படி ணை, லை எழுதினால் மட்டும் குழந்தையிடம் எடுத்துச் சொல்ல வேண்டும். சிக்கல் இரண்டு இடத்தில். ஒன்று, ஒற்றைக்கொம்பு இடப்பக்கம் நிற்கிறது, ஒலி பின்னால் வருகிறது. அதனால் க அட்டையை முதலில் வைத்துவிட்டு, கொம்பைப் பிறகு இடப்பக்கம் நகர்த்தியபடியே 'கெ' என்று சொல்லுங்கள். கொ-வைக் 'கெர' என்று படிப்பது துணைக்கால் ர போல இருப்பதால். கால் அட்டையை மட்டும் சிவப்பில் எழுதினால் குழப்பம் குறையும். மற்றது உகர ஊகாரம்: கு, டு, மு ஒருவிதம், து, நு, லு வேறுவிதம், சு, பு, வு இன்னொரு விதம். அட்டைக்கு அடங்காது. சுண்டு விரல் பருமனுக்குக் களிமண் திரித்து மூன்று குடும்பமாகச் செய்ய வையுங்கள்.

எழுத்தின் மேல் விதை ஒட்டும் வேலை மூன்று வயதுக்குக் கீழே வேண்டாம், மூக்கிலும் காதிலும் போகும். அதற்கு மேலும் புளியங்கொட்டை போதும். குன்றிமணியும் கொட்டமுத்தும் (ஆமணக்கு விதை) நஞ்சு, வகுப்புக்குள்ளேயே வரக் கூடாது.

தமிழக அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் 2022-இல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்புக்கு வந்த பிறகு செயல்பாடு என்ற சொல் பழகிவிட்டது. வட்டார வள மையப் பயிற்சிகளில் அங்கன்வாடிப் பணியாளர்களையும் உட்காரவைத்து, மேலே சொன்ன அட்டைகளை அவர்கள் கையாலேயே ஒரு செட் வெட்ட வைத்து அனுப்ப வேண்டும். கண்காட்சி நாளுக்காக அப்பா இரவெல்லாம் உட்கார்ந்து தெர்மோகோலில் செய்யும் 'அ' யாருக்கும் எழுத்துச் சொல்லிக்கொடுக்காது.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். சிறுவர் பக்கத்தில் புள்ளிகளை இணைத்து எழுதும் எழுத்தை அச்சிடும்போது 10 செ.மீ. உயரத்துக்குப் பெரிதாகப் போட்டு, தொடங்கும் இடத்தில் ஒரு பெரிய புள்ளியும் போகும் திசைக்கு அம்புக்குறியும் வையுங்கள். வெட்டி அட்டையில் ஒட்டிக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
தொடக்கநிலை ஆசிரியர்கள் சிலர்,
கோபிசெட்டிபாளையம் வட்டாரம், ஈரோடு மாவட்டம்.