கயலுக்கு: கிளி வேண்டாம்

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். பேத்தி குட்டிக்குப் பச்சைக்கிளி வாங்கித் தரலாமா என்று கேட்டிருந்தாய். இதைப் போனில் அரைகுறையாகச் சொல்ல மனம் வரவில்லை, அதனால்தான் கடிதம்.

கிளி வேண்டாம்மா. சட்டப்படியே கூடாது. பச்சைக்கிளி 1972-ஆம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகிற பறவை. பிடிப்பதும் விற்பதும் கூண்டில் வளர்ப்பதும் குற்றம். "எல்லாரும்தான் வளர்க்கிறார்கள்" என்று கடைக்காரர் சொல்வார். அவரிடம் இருக்கும் குஞ்சு எங்கிருந்து வந்தது? தை, மாசி, பங்குனியில் மரப்பொந்துக்குள் கை விட்டு, இறகுகூட முளைக்காததை எடுத்து வருகிறார்கள். வழியிலேயே செத்துப்போவது போக, பிழைத்ததற்கு றெக்கையை வெட்டி விடுகிறார்கள்.

நான் காய்கறி வாங்கப் போகிற வழியில் இப்படி ஒரு கடை வந்திருக்கிறது. வாசலில் லவ் பேர்ட்ஸ் கூண்டு, அதற்கு மேலே இன்னொரு கூண்டில் ஒரு நாய்க்குட்டி. கூண்டின் அடியில் பலகை கிடையாது, வெறும் கம்பி வலை. பாதம் வலைக்கண்ணுக்குள் இறங்கிவிடுவதால் அதனால் நேராக நிற்க முடியவில்லை. மூலையில் இருந்த சோற்றுத் தட்டுக்குள் ஏறி உட்கார்ந்திருந்தது. கண் நிறையப் பீளை. எத்தனை நாள் குட்டி என்று கேட்டேன். "30 நாள் சார், இப்ப எடுத்தாத்தான் உங்ககிட்ட ஒட்டும்" என்றான் கடைப் பையன்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. எட்டு வாரம் ஆகாத நாய்க்குட்டியை விற்கக் கூடாது என்று 2018-இல் வந்த செல்லப்பிராணிக் கடை விதிகளிலேயே இருக்கிறது. காரணம் இல்லாமல் இல்லை. கூடப்பிறந்ததுகளோடு உருண்டு புரண்டு விளையாடும்போதுதான் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதைக் குட்டி கற்றுக்கொள்கிறது. தடுப்பூசியும் போடாமல் விற்றால் பார்வோ என்கிற வைரஸ் நோய் வந்து வாந்தியும் ரத்தபேதியுமாகச் சில நாட்களில் முடிந்துவிடும். வாங்கின வீட்டில் குழந்தை அழுதுகொண்டிருக்கும்போது கடையில் அடுத்த குட்டி வந்து இறங்கியிருக்கும். அந்தக் கடைக்கு மாநில விலங்கு நல வாரியத்தின் பதிவு இருக்கிறதா என்று கேட்டுக் கால்நடைத் துறைக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். பதில் வராவிட்டால் நேரில் போவேன்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் 'மோகமுள்' நாவலை எடுத்தேன். மனசு சரியில்லாதபோது தி. ஜானகிராமனிடம் போவது என் வழக்கம், உனக்கே தெரியும். எல்லாரும் கதாநாயகி யமுனாவைப் பற்றியே பேசுவார்கள், எனக்கு ரங்கண்ணாதான். கதாநாயகன் பாபுவுக்குப் பாட்டுச் சொல்லித் தருகிற அந்தக் கிழவர் காதில் எந்தச் சத்தமும் ஸ்வரமாகத்தான் விழும். அவரை அந்தக் கடை வாசலில் நிறுத்தினால் என்ன கேட்டிருப்பார் என்று யோசித்துக்கொண்டே படித்தேன். நம் கும்பகோணத்துக் கோபுரங்களில் விடிகாலையில் கிளிகள் கூட்டமாகக் கிளம்பும்போது ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொண்டே போகும். கூண்டுக்கிளி கூப்பிட்டால் பதில் சொல்ல ஆள் கிடையாது, அதனால் கத்திக்கொண்டே இருக்கிறது. குட்டி முதலில் கேட்க வேண்டியது கோபுரத்துக் கிளியை. (யமுனாவின் அம்மா தஞ்சாவூர் மராட்டியப் பெண். புனேயில் வளர்கிற பெண்ணுக்கு இந்த நாவல் அந்நியமாக இருக்காது, பெரியவளானதும் படிக்கட்டும்.)

அப்புறம், குட்டி கேட்க வேண்டிய இன்னொன்று நாகஸ்வரம். சில கோவில்களில் தீபாராதனைக்குக் கரண்ட்டில் ஓடுகிற முரசு மெஷினை வைத்துவிட்டார்கள். எனக்கு அது தாங்கவே முடிவதில்லை. காலையில் பூபாள ராகம், பள்ளியறைக்கு நீலாம்பரி ராகம் என்று பொழுதறிந்து வாசிக்கிற மனிதர் இருந்த இடம் அது. சமீபத்தில் நரசிங்கம்பேட்டைக்குப் போயிருந்தேன். 2022-இல் அந்த ஊர் நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததே, அந்த ஊர்தான். ஆச்சா மரத்தில் செய்கிறார்கள், அதுவும் பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கிற தூணும் உத்தரமும்தான் வேண்டும். ஈரம் முழுக்க வற்றின மரம்தான் வெடிக்காது. ஒரு ஆசாரி கடைந்த குழலைக் கண்ணுக்கு நேரே பிடித்து உள்ளே வெளிச்சம் பார்த்தார். ஊதுகிற முனையான சீவாளியை வாயில் வைத்து நனைத்துச் செருகி, ஒரே ஒரு ஸ்வரம் ஊதினார். திருப்தி இல்லை. மறுபடி துளையைச் சுரண்ட உட்கார்ந்துவிட்டார். பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். லீவுக்கு வரும்போது குட்டியை அங்கே கூட்டிப் போக வேண்டும். சாமி புறப்பாட்டில் நாகஸ்வரத்தில் வாசிக்கிற மல்லாரியும் அவள் கேட்க வேண்டும், வாத்தியத்துக்குப் பக்கத்திலேயே நின்று.

சரி, குட்டிக்குத் துணைக்கு ஒரு ஜீவன் வேண்டும், அது நியாயம்தான். தெருவில் பிறந்த நாட்டு நாய்க்குட்டி ஒன்றைத் தத்தெடு. நம் வெயிலுக்கும் மழைக்கும் பழகினது. எட்டு வாரம் தாண்டியதா, ஊசி அட்டை இருக்கிறதா என்று பார்த்து வாங்கு. மாப்பிள்ளையிடமும் கலந்து பேசு. பத்துப் பன்னிரண்டு வருடம் வீட்டில் இருக்கப்போகிறது. நீங்கள் ஊருக்கு வரும்போது யார் பார்ப்பது என்று இப்போதே முடிவு செய்யுங்கள். யாரும் கிடைக்கவில்லையென்றால் கூட்டிக்கொண்டே வாருங்கள். அம்மா முதலில் முணுமுணுப்பாள், நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா