ஐப்பசியில் கூடுவது நோயா, பரிசோதனையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோய்க்குத் தொற்று ஒரு காரணமாக இருக்கலாம் என்றும், சில பருவங்களில் அது கூடுகிறது என்றும் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கட்டுரையைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அதைப் படித்த எங்கள் தெருக்காரர்கள் சிலர், இந்நோய்க்குச் சிகிச்சை பெற்றுவரும் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியின் வீட்டுப் பக்கம் தங்கள் பிள்ளைகளை விடுவதில்லை. அவள் திண்ணையில் தனியே சொப்பு வைத்து விளையாடிக்கொண்டிருந்ததைப் பார்த்த பிறகே இதை எழுத உட்கார்ந்தேன்.

தொற்றுக்குப் பங்கு உண்டு என்பதும் இந்நோய் ஒட்டிக்கொள்ளும் என்பதும் வேறு வேறு. குழந்தைகளிடம் அதிகம் காணப்படும், முதிராத வெள்ளை அணுக்கள் பெருகும் லிம்போபிளாஸ்டிக் வகையில் முதல் மரபணுப் பிழை பெரும்பாலும் தாயின் வயிற்றிலேயே நேர்ந்துவிடுகிறது. பிரிட்டனைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வாளர் மெல் கிரீவ்ஸ் கூறுவதன்படி, பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ நூற்றில் ஒன்று அந்தப் பிழையோடு பிறக்கிறது. அப்படிப் பிறந்தவர்களிலும் நூற்றில் ஒருவருக்குத்தான் நோயாக முற்றுகிறது. முதல் வயதில் சாதாரணக் கிருமிகளோடு பழகாத உடல், பின்னால் வரும் ஒரு தொற்றுக்கு வரம்பு மீறி எதிர்வினை காட்டும்போது இரண்டாவது பிழை நேரலாம் என்பது அவர் கருத்து. ஒதுங்கிக் கிடந்த ஊரில் வெளியாட்கள் திரளாகக் குடியேறும்போது நோய் கூடுவதை, 1988இல் லியோ கின்லன் என்ற ஆய்வாளர் ஸ்காட்லாந்தின் கிளென்ராதிஸ் நகரை வைத்து எடுத்துக்காட்டினார். அதற்குக் காரணமான கிருமி எதுவும் இன்றுவரை பிடிபடவில்லை. எப்படியானாலும் இந்நோய் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டுவதில்லை. ஆகவே அந்தச் சிறுமியால் யாருக்கும் இது வராது. சிகிச்சையால் எதிர்ப்பு சக்தி குறைந்திருக்கும் அவளைத்தான் மற்றவர்களின் அம்மையிலிருந்தும் காய்ச்சலிலிருந்தும் காக்க வேண்டும். காய்ச்சலோ சளியோ உள்ள பிள்ளைகள் தள்ளியிருந்தால் போதும். நலமாக இருப்பவர்கள், அவளுடைய மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, அவளோடு தாராளமாக விளையாடலாம்.

பருவத்தைப் பற்றி என் அனுபவத்தைச் சொல்ல வேண்டும். திருமங்கலம் பகுதியில் முப்பது ஆண்டுகள் ஆய்வக நுட்புநராக இருந்தேன். ஐப்பசி, கார்த்திகையில் டெங்கு பயத்தால், இரண்டு நாள் காய்ச்சல் என்றாலே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ரத்தம் பார்க்க வந்துவிடுவார்கள். அந்த மாதங்களில்தான் என் கண்ணிலும் ரத்தப் புற்றுநோய் கூடுதலாகப் பட்டது. மழைக்காலம் நோயைக் கொண்டுவந்தது என்று அதற்குப் பொருளா? சித்திரையில் சோர்ந்து கிடந்த பிள்ளைக்கு யாரும் ரத்தம் எடுத்துப் பார்க்கவில்லை என்றும் பொருளாகலாம் அல்லவா? வெளிநாட்டு ஆய்வுகளும் பருவத்தைப் பற்றி ஒரே முடிவைச் சொல்லவில்லை. சிலவற்றில் கோடையில் கூடுகிறது, சிலவற்றில் எந்த வேறுபாடும் இல்லை. நோய் கண்டுபிடிக்கப்பட்ட தேதியோடு, முதல் காய்ச்சலோ கால்வலியோ தொடங்கிய மாதத்தையும் தாயிடம் கேட்டுப் பதிவேட்டில் எழுதிவைத்தால்தான் நம் மாவட்டத்தின் உண்மை நமக்குத் தெரியவரும்.

அதைவிட அவசரமானது ஒன்று உண்டு. டெங்குவிலும் தட்டணுக்கள் குறையும், ரத்தப் புற்றுநோயிலும் குறையும். இயந்திரம் அச்சடித்துத் தரும் எண்ணை மட்டும் பார்த்து, 'டெங்குதான், பிளேட்லெட் ஏறிவிடும்' என்று அனுப்பிவைக்கப்பட்ட ஒரு மூன்று வயதுப் பையனின் ரத்தம், மூன்று வாரம் கழித்து என்னிடம் வந்தது. ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் இழுத்துப் பரப்பி, லீஷ்மன் சாயமிட்டு நுண்ணோக்கியில் வைத்தேன். டெங்குவில் உட்கருவைச் சுற்றி நிறைய சைட்டோபிளாசத்தோடு ஓரம் விரிந்து கிடக்கும் வெள்ளை அணுக்கள் அதில் இல்லை. உட்கருவே முழு இடத்தையும் அடைத்துக்கொண்ட முதிராத அணுக்கள்தான் பார்த்த இடமெல்லாம் ஊதா நிறத்தில் நெருக்கியடித்து நின்றன. வெளியே பெஞ்சில் அவன் தாயின் மடியில் வெளிறிப்போய்ப் படுத்திருந்தான்.

வாரக்கணக்கில் விட்டுவிட்டு வரும் காய்ச்சல், வெளிறல், அடிபடாமலே கன்றிப்போகும் தோல், நடக்க மறுக்கும் அளவுக்குக் கால்வலி, கழுத்தில் நெறிகட்டுதல் ஆகியவை இருந்தால், எந்த மாதமாயினும் ரத்தத்தைத் தகட்டில் பரப்பி நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அதற்கு முன்பாக ஸ்டீராய்டு மருந்து கொடுத்துவிட்டால் இந்த அணுக்கள் தற்காலிகமாக மறைந்து, நோய் பிடிபடுவது தள்ளிப்போகும். நல்ல சிகிச்சை வசதியுள்ள நாடுகளில் இந்நோய் கண்ட பத்துக் குழந்தைகளில் ஏறத்தாழ ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். ஒரு தகட்டைப் பார்த்து முடிக்க எனக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆனதில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்புநர்,
திருமங்கலம், மதுரை மாவட்டம்.