பரிசுக்குப் புதுப்பொருள்தான் வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில், காதல் துணைக்குக் கொடுக்கச் சிக்கனமான பசுமைப் பரிசுகள் என்று ஒரு முழுப்பக்கம் வந்திருந்தது. துணிப்பை, மூங்கில் சீப்பு, மெழுகுவத்தி, விதை பதித்த வாழ்த்து அட்டை என்று நிறைய யோசனைகள். கையைக் கடிக்காத விலையில் கிடைப்பவை, நல்ல எண்ணத்தோடு எழுதப்பட்டவை. ஆனால் அதில் இருந்த எல்லாமே புதிதாகச் செய்து, உறையில் போட்டு, வண்டியில் ஏற்றிக் கொண்டுவர வேண்டிய சாமான்கள். ஏற்கெனவே வீட்டில் இருக்கிற ஒன்றைச் சரிசெய்து கொடுக்கலாம் என்று ஒரு வரிகூட இல்லை. எனக்கு அது பெரிய குறையாகப் பட்டது.

நான் வாட்ச் ரிப்பேர் செய்பவள். அப்பாவிடம் கற்றுக்கொண்ட தொழில். காதலர் தினம், திருமண நாள், பிறந்த நாள் என்று எதற்காவது முன்னால் தயங்கித் தயங்கி வந்து நிற்பவர்களைப் பார்த்ததுமே அடையாளம் தெரிந்துவிடும். கைக்குட்டையில் சுற்றிய வாட்ச் ஒன்றைப் பையிலிருந்து எடுத்து, “இது அவங்களோடது, ரொம்ப நாளா ஓடல, அவங்களுக்குத் தெரியாம சரிபண்ணிக் கொடுக்கணும்” என்பார்கள். இவர்களில் பலருக்குப் பெரிதாகச் செலவழிக்க வசதி இருக்காது. ஆனால் துணையின் மேஜை டிராயரில் எது உறங்கிக்கொண்டிருக்கிறது என்று கவனித்திருக்கிறார்களே, அந்தக் கவனிப்பு எந்தக் கடையிலும் கிடைக்காது.

சமீபத்தில் ஓர் இளைஞர் கொண்டுவந்தது சாவி கொடுக்கிற பழைய வாட்ச். அவர் மனைவியின் அப்பா கட்டியிருந்தது. அந்தப் பெரியவர் இப்போது இல்லை. கிளாஸ் மங்கிப்போய் முள்ளே சரியாகத் தெரியவில்லை. பின்மூடியைத் திறந்து, லென்ஸைக் கண்ணில் மாட்டிப் பார்த்தேன். உள்ளே எதுவும் உடையவில்லை. எண்ணெய்தான் காய்ந்து பிசினாகியிருந்தது. அதில் ஒட்டிய தூசி, சக்கரங்களின் அச்சு முனைகளை உப்புத்தாள் போலத் தேய்த்துவிடும். வாட்ச் அப்படித்தான் மெல்ல மெல்லச் சாகும். முழுக்கப் பிரித்துக் கழுவி, ஒவ்வொரு அச்சுத் துளையிலும் ஊசி நுனி அளவுக்கு எண்ணெய் வைத்து, ஸ்பிரிங் மட்டும் புதிதாக மாற்றினேன். கிளாஸ் பழைய பிளாஸ்டிக் வகை என்பதால் பசை போட்டுத் தேய்த்ததுமே தெளிந்துவிட்டது. கண்ணாடியாக இருந்தால் இப்படி எளிதில் தெளியாது, மாற்றத்தான் வேண்டும். முன்னும் பின்னும் ஆடி நேரத்தை அளக்கிற பேலன்ஸ் சக்கரம் ஆட ஆரம்பித்தது. அந்த ரக வாட்சுகள் மணிக்கு 18,000 முறை துடிக்கும், அதாவது நொடிக்கு 5 துடிப்பு.

அவருக்கு அது போதவில்லை. டயலில் 6 மணிக்குப் பக்கத்தில் ஒரு பழுப்புக் கறை, பின்மூடி முழுக்கக் கீறல்கள். “டயலுக்குப் புது பெயின்ட் அடிச்சிடுங்க, கேஸையும் பாலீஷ் போட்டுடுங்க, பளபளன்னு இருக்கணும்” என்றார். வேண்டாம் தம்பி என்றேன். அந்தக் கீறல்களெல்லாம் பெரியவர் கையில் இருந்தபோது விழுந்தவை. அவற்றை அழித்துவிட்டால் அந்தப் பெண்ணுக்கு அப்பாவின் வாட்ச் போய், யாரோ ஒருவருடைய வாட்ச்தான் மிஞ்சும். பெயின்ட் அடித்த டயலைப் பழையபடி ஆக்கவும் முடியாது. பழையதைச் சரிசெய்து பரிசாகக் கொடுக்க நினைப்பவர்கள் எல்லாருக்கும் நான் சொல்வது இதுதான்: ஓடவையுங்கள், புதிதாக்காதீர்கள்.

இன்னொன்றும் சொன்னேன். இது உங்கள் மனைவிக்கு அப்பாவின் நினைவுப்பொருள், வேலை முழுவதும் முடிவதற்குள் அவரிடம் சொல்லிவிடுங்கள். முதலில் அந்த இளைஞருக்கு மனமில்லை. திடீரென்று காட்டி அசத்த வேண்டும் என்ற ஆசை. ஆனாலும் சொல்லிவிட்டார். அடுத்த நாள் இருவருமாக வந்தார்கள். அந்தப் பெண் கீறல் எதையும் தொட வேண்டாம் என்று அழுத்திச் சொன்னார். அப்புறம் எப்படிச் சாவி கொடுப்பது என்று கேட்டுக்கொண்டார். தினமும் ஒரே நேரத்தில், விரலுக்கு இறுக்கம் தெரிகிற இடத்தில் நிறுத்திவிட வேண்டும், அவ்வளவுதான்.

கேட்டுவிட்டுக் கொடுத்தால் பரிசின் சுவை போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆராய்ச்சி வேறு மாதிரி சொல்கிறது. பிரான்செஸ்கா ஜினோ, பிரான்சிஸ் பிளின் என்ற இருவர் 2011இல் வெளியிட்ட ஆய்வில், பெறுபவர்கள் தாங்கள் வாய்விட்டுக் கேட்ட பொருளையே அதிகம் மதித்தார்கள். கேட்காத ஒன்றைத் தானாக யோசித்துக் கொடுத்தால் அதையும் அதே அளவு மதிப்பார்கள் என்று நினைத்தது கொடுத்தவர்கள் மட்டும்தான். பிளின், கேப்ரியேல் ஆடம்ஸ் என்பவரோடு சேர்ந்து 2009இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வு நிச்சயதார்த்த மோதிரங்களைப் பற்றியது. விலை கூடக்கூட அவளுக்கு மகிழ்ச்சியும் கூடும் என்று வாங்கிக் கொடுத்த ஆண்கள் நம்பினார்கள். அணிந்திருந்த பெண்களின் பதிலில் விலைக்கும் மகிழ்ச்சிக்கும் அப்படி ஒரு தொடர்பே தெரியவில்லை. கையில் காசு குறைவு என்று கூனிக்குறுகி என் மேஜைக்கு முன்னால் நிற்கும் பிள்ளைகளிடம் இதை நான் எப்போதும் சொல்வேன்.

சரி, பசுமை என்று விற்கப்படும் பொருள்களுக்கு வருகிறேன். துணிப்பை நல்லதுதான், ஆனால் வீட்டில் ஏற்கெனவே நாலைந்து தொங்கும்போது இன்னொன்று பரிசாக வந்தால் என்ன லாபம்? டென்மார்க்கின் சுற்றுச்சூழல் அமைப்பு 2018இல் கணக்குப் போட்டுப் பார்த்தது. இயற்கை முறையில் விளைந்த பருத்தியில் செய்த ஒரு பை, சாதாரண பிளாஸ்டிக் பைக்கு ஈடாக வேண்டுமானால், புவி வெப்பமாதலை மட்டும் பார்த்தால்கூட 149 முறை பயன்பட வேண்டும். தண்ணீர், காற்று என்று எல்லாப் பாதிப்பையும் சேர்த்தால் 20,000 முறை. பிளாஸ்டிக் குப்பை கடலுக்குப் போய்ச் செய்யும் கேடு அந்தக் கணக்கில் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும், அதனால் பிளாஸ்டிக்குக்குத் திரும்புங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. இருக்கிற பையைக் கிழியும்வரை தூக்கினால்தான் அது பசுமை. மூங்கில் துணி என்று விற்பதும் அப்படித்தான். பெரும்பாலும் அது மூங்கில் கூழை ரசாயனத்தில் கரைத்து நூலாக்கிய ரேயான். அதை வெறும் மூங்கில் என்று சொல்லி விற்றதற்காக அமெரிக்க வர்த்தக ஆணையம் 2009லேயே சில விற்பனையாளர்கள்மீது நடவடிக்கை எடுத்தது.

பூவைப் பற்றி உங்கள் கட்டுரை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. காதல் பரிசு என்றால் முதலில் நினைவுக்கு வருவது பூதானே! பூங்கொத்தை நிறுத்தி வைக்கும் அந்தப் பச்சை நிறப் பஞ்சு பினாலிக் வகைப் பிளாஸ்டிக். நனைந்து உதிர்ந்து நுண்துகளாகிச் சாக்கடை வழியாகப் போய்விடும், மக்காது. லண்டனின் புகழ்பெற்ற செல்சி மலர்க் கண்காட்சியிலேயே 2021 முதல் அதற்குத் தடை. அதனால் பஞ்சு வேண்டாம், தண்ணீர் நிரப்பிய குவளை போதும் என்று பூக்கடையில் சொல்லிவிடுங்கள். பக்கத்தில் விளைந்த பூ என்றால் உடனே நல்லது என்றும் நம்பிவிட வேண்டாம். 2007இல் பிரிட்டனின் கிரான்ஃபீல்ட் பல்கலைக்கழகம், பிரிட்டன் சந்தைக்கு வரும் ரோஜாக்களை ஒப்பிட்டது. 12,000 பூக்களுக்கு, பிரிட்டனுக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஹாலந்தின் சூடேற்றிய கண்ணாடிக்கூடத்தில் வளர்ந்தவை சுமார் 35,000 கிலோ கார்பன் டை ஆக்சைடை வெளியிட்டன. கென்யாவில் வெயிலில் வளர்ந்து விமானத்தில் வந்தவை, விமானப் பயணத்தையும் சேர்த்து, சுமார் 6,000 கிலோ. பக்கத்தில், திறந்த வெளியில், அந்தப் பருவத்தில் தானாகப் பூப்பது எதுவோ அதுவே சிறந்தது. ரோஜாவாகத்தான் இருக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை.

ஜரிகைத் தூள் ஒட்டிய பரிசுத்தாளை விட்டுவிடுங்கள். அந்த மினுமினுப்பு பெரும்பாலும் பிளாஸ்டிக், அது கலந்தால் காகிதத்தை மறுசுழற்சி செய்வது சிரமம். ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபரிலிருந்து உதிரியாக விற்கும் பிளாஸ்டிக் ஜரிகைத் தூளை விற்கவே தடை போட்டிருக்கிறது. தங்கம்தான் கொடுக்க வேண்டும் என்றிருந்தால், வீட்டில் இருக்கும் பழைய நகையை உருக்கிச் செய்யச் சொல்லுங்கள். தங்கத்தை எத்தனை முறை உருக்கினாலும் அதன் தரம் குறையாது. உலகத்தில் மனிதர்களால் காற்றில் கலக்கும் பாதரசத்தில் மிகப் பெரிய தனிப்பங்கு சிறு தங்கச் சுரங்கங்களிலிருந்து வருகிறது என்று ஐநா அறிக்கையே சொல்கிறது.

மறுபடியும் என் தொழிலுக்கே வருகிறேன், ஏனென்றால் எல்லாவற்றையும் சரிசெய்துவிடலாம் என்று நான் சொன்னால் அது பொய். மலிவான ஃபேஷன் வாட்சுகளில் சில, பின்மூடியே திறக்க முடியாதபடி ஒட்டப்பட்டு வருகின்றன. உள்ளே இருக்கும் மெஷினும் பழுது பார்ப்பதற்காகச் செய்யப்பட்டதல்ல. அதைக் கொண்டுவருபவரிடம் என்னால் கையைத்தான் விரிக்க முடிகிறது. அதனால் புதிதாக வாங்குபவர்கள் மூன்று கேள்வி கேட்க வேண்டும். பின்மூடி திறக்குமா? செல் மாற்றலாமா? ஸ்ட்ராப் பொதுவான அளவா, அந்தக் கம்பெனியிடம் மட்டும் கிடைப்பதா? வாட்ச் என்றில்லை, ஹெட்போனுக்கும் விளக்குக்கும் இதே கேள்விகள்தான். கட்டாமல் வைத்திருக்கும் பேட்டரி வாட்ச் வீட்டில் இருந்தால் இன்றைக்கே அதன் செல்லைக் கழற்றச் சொல்லுங்கள். தீர்ந்துபோன செல் கசிந்து உள்ளே அரித்துவிட்டால் அப்புறம் மெஷினையே மாற்ற வேண்டிவரும்.

வாட்ச் இல்லாதவர்கள் என்ன செய்வது என்று கேட்பீர்கள். துணைக்குப் பிரியமான, பக்கங்கள் உதிர்ந்த புத்தகத்துக்குப் பைண்டிங் போடலாம். கம்பி அறுந்து மூலையில் கிடக்கும் கிட்டாருக்குப் புதுக்கம்பி மாட்டலாம். அடிப்பாகம் தேய்ந்த செருப்பைத் தைத்து வாங்கலாம். ஜிப் போன பையை எடுத்துப்போய்ப் புது ஜிப் வைக்கலாம். மை உறைந்த மை ஊற்றுப் பேனாவுக்குப் பெரும்பாலும் ஒரு ராத்திரி சாதாரணத் தண்ணீரில் ஊறல் போதும், மறுபடி எழுதும். கூடவே கைப்பட நாலு வரி எழுதி வையுங்கள். எதை, எப்போது, ஏன் கவனித்தீர்கள் என்று அதில் இருந்தால் பரிசு முழுமை.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்படிப் பக்கம் போடும்போது செருப்புத் தைப்பவர், தையல்காரர், பைண்டிங் செய்பவர், இசைக்கருவி ரிப்பேர் செய்பவர் ஆகியோரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். எது சரியாகும், எது ஆகாது, எத்தனை நாள் பிடிக்கும் என்று அவர்களே சொல்லட்டும். அந்தப் பக்கத்தைப் பண்டிகைக்கு முந்தின வாரம் போடாமல் ஒரு மாதம் முன்னாலேயே போட்டால் நல்லது. பழைய வாட்சுக்கு ஒரு சின்ன ஸ்குரூ தேடவே சில சமயம் அவ்வளவு நாள் ஆகிறது.

இப்படிக்கு,
வாட்ச் ரிப்பேர் செய்யும் உங்கள் வாசகி