கூடையில் இறங்கியவர்

பாளையங்கோட்டை

அன்புள்ள மக்கா,

தோத்திரம். உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. மறந்துபோய் எழுதாமல் இருக்கவில்லை. 14 மாதம் தொடாமல் இருந்துவிட்டு மறுபடி குடித்துவிட்டதை நீ ஒளிக்காமல் எழுதியிருந்தாய். அதற்கு நான் உத்தமன் போல ஆறுதல் சொல்ல வெட்கமாக இருந்தது. என் கதையைக் கேள்.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது உனக்குத் தெரியும். இடது பக்கம் இழுத்துவிட்டது. ராத்திரி நாலைந்து தடவை கூப்பிடுவாள். தண்ணீர் கேட்பாள், புரட்டிப் போடச் சொல்வாள், சில நேரம் காரணமே இருக்காது. என் கோபம்தான் உனக்குத் தெரியுமே, ஹாஸ்டலில் தட்டை விட்டெறிந்தவன். ஒருநாள் இரண்டு மணிக்குக் கூப்பிட்டு, கொடுத்த தண்ணீரைப் படுக்கையிலேயே கொட்டிவிட்டாள். தெருவே கேட்கிற மாதிரி கத்திவிட்டேன். அவள் அழவில்லை. "சரிப்பா, இனிமே ராத்திரி தாகம்னு கேக்கமாட்டேன்" என்றாள்.

திண்ணையில் போய் உட்கார்ந்தேன். ஞாயிறுதோறும் சபையில் பாடம் வாசிக்கிறவன் நான்! இந்தக் கோபத்தை எடுத்துப்போடும் ஆண்டவரே என்று 30 வருஷமாக ஜெபித்திருக்கிறேன். எடுக்கவில்லை. அன்றைக்கு வாயில் வந்தது "என்னால முடியல" மட்டும்தான்.

அப்புறம்தான் பைபிளில் பவுல் அப்போஸ்தலர் கொரிந்து சபைக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தை முதலிலிருந்து வாசித்தேன். "என் கிருபை உனக்குப்போதும்" வசனத்தைக் காலண்டரிலும் கல்யாணப் பத்திரிகையிலும் பார்த்துப் பார்த்து நமக்கு மரத்துப்போய்விட்டது. அதற்கு முன்னால் பவுல் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று பார். கொரிந்துவில் சிலர், இவருடைய கடிதம்தான் பலமானது, ஆளைப் பார்த்தால் ஒன்றுமில்லை, பேச்சும் சுமார் என்று இளப்பமாகப் பேசியிருக்கிறார்கள். சரி, நானும் மேன்மை பாராட்டுகிறேன் என்று ஆரம்பிக்கிறார். அடிபட்டது, கப்பல் உடைந்தது, பசி எல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் தமஸ்குவில் தன்னைப் பிடிக்க வந்தபோது கூடையில் உட்கார்ந்து மதில் வழியாக இறங்கித் தப்பித்ததைச் சொல்கிறார். பெருமை பேச வந்த மனுஷன் சொல்கிற கதையா அது? எனக்குச் சிரிப்பு வந்தது. அதற்கடுத்த அதிகாரத்தில்தான் மாம்சத்தில் முள் என்று தன்னை வாட்டிய ஒரு வேதனையைச் சொல்கிறார். அதை எடுத்துப்போடும்படி ஆண்டவரிடம் மூன்று தரம் கேட்டும் அது எடுபடவில்லை. கிடைத்த பதில்தான் அந்தக் காலண்டர் வசனம். என்ன முள் என்றுகூட அவர் சொல்லவில்லை.

உன் சபை மூப்பர் "விசுவாசம் குறைவு" என்றாராமே. பவுலிடமும் போய் அதைச் சொல்வாரா?

எனக்கு இன்னும் கோபம் வருகிறது மக்கா. நேற்றும் வந்தது. ஆனால் இப்போது அம்மா கூப்பிட்டால் அவள் அறை வாசல்படியில் ஒரு நிமிஷம் நின்று, "இந்த ஒரு தடவைக்கு மட்டும் தாரும்" என்று கேட்டுவிட்டு உள்ளே போகிறேன். அந்த ஒரு தடவைக்குக் கிடைக்கிறது. அடுத்த தடவைக்கு மிச்சம் இருப்பதில்லை. வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து அன்றன்றைக்குக் கிடைத்த மன்னா மாதிரிதான்: ஆளுக்கு ஒரு ஓமர் அளவு, நாளைக்கென்று எடுத்து வைத்தால் பூச்சி பிடித்து நாறிவிடும். நான் 30 வருஷமும் மொத்தமாக மூட்டை கட்டிக் கேட்டிருக்கிறேன் போல.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சின்னத் தம்பியிடம் வாரம் இரண்டு ராத்திரி வந்து படு என்று கேட்டேன். மூத்தவன் கேட்பதா என்று இத்தனை நாள் வீம்பாக இருந்துவிட்டேன். அவனோ, "எப்ப கூப்பிடுவேன்னுதான் இருந்தேன் அண்ணே" என்றான். ஜெபத்துக்குப் பதில் சைக்கிளில் தலையணையோடு வந்து இறங்கியது.

அதனால்தான் சொல்கிறேன், உங்கள் ஊர் ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டத்துக்கு, குடியை விட நினைக்கிறவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடுகிற அந்த இடத்துக்கு, தயங்காமல் போ. கிறிஸ்தவன் அங்கே போவதா என்று எழுதியிருந்தாய். அது எப்படித் தொடங்கியது தெரியுமா? 1935-ல் அமெரிக்காவில் அக்ரான் என்ற ஊருக்கு வியாபார விஷயமாகப் போன ஒரு பங்குத் தரகர், குடியை விட்டு ஐந்து மாதம் ஆனவர். போன காரியம் கெட்டு ஓட்டலில் தனியாக நிற்கிறார், பக்கத்திலேயே மது பார். உள்ளே போகாமல், அந்த ஊர்ப் போதகர்களுக்குப் போன் போட்டு, பேசுவதற்கு இன்னொரு குடிகாரர் கிடைப்பாரா என்று தேடினார். அப்படிக் கிடைத்தவர் ஒரு டாக்டர். அந்த இரண்டு பேரில் தொடங்கியதுதான் இது. எங்களால் முடியவில்லை என்று ஒத்துக்கொள்வதுதான் அவர்களுடைய முதல் படி. திண்ணையில் நான் சொன்னதும் அதுதானே.

ஆராதனையில் அப்பமும் ரசமும் வாங்குகிற திருவிருந்துக்குப் போகாமல் பின்வரிசையில் உட்கார்ந்து எழுந்து வருகிறாயாம். அது எனக்குப் பிடிக்கவில்லை. இதைப்பற்றி நேரில் சண்டை போடுகிறேன்.

அடுத்த மாதம் எங்கள் சபையில் அசனம், எல்லோரும் சேர்ந்து சாப்பிடுகிற விருந்து. அம்மா உன்னை விசாரித்தாள், "அந்த ஒல்லிப் பையன் வருவானா" என்று. உனக்கு 58 வயது, தொப்பை வேறு. நான் சொல்லவில்லை, நீயே வந்து காட்டு. ராத்திரி எத்தனை மணிக்கு நாக்கு நமைச்சல் எடுத்தாலும் எனக்குப் போன் போடு. இரண்டு மணிக்கு எப்படியும் முழித்துத்தான் இருப்பேன்.

உன்,
தட்டை எறிந்தவன்