திருப்பூர் நண்பனுக்கு, மழைக்கு முன்

ஏக்காட்டுத்தாங்கல்,
12 அக்டோபர் 2025

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வியாழக்கிழமையே வந்துவிட்டது. இன்று பட்டறை லீவு, அதனால் நிதானமாக எழுத முடிகிறது. ஆகஸ்ட் 27-இல் அமெரிக்காவின் 50 சதவீத வரி வந்த நாளிலிருந்து தையல் யூனிட்டுக்கு ஆர்டர் நின்றுவிட்டது, பவர்டேபிளில் (தையல் மிஷின் வரிசையில்) பாதிப் பேர் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள், போனஸுக்கு நகையை அடகு வைக்கலாமா என்று யோசிக்கிறேன் என எழுதியிருந்தாய். "வெள்ளத்தில் நீ எப்படித் தப்பித்தாய்?" என்றும் கேட்டிருக்கிறாய். இத்தனை வருடத்தில் இதை நீ கேட்டதும் இல்லை, நான் முழுதாகச் சொன்னதும் இல்லை.

2015 டிசம்பர் 1. தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. செம்பரம்பாக்கத்தில் நொடிக்கு 29,000 கன அடி திறந்தார்கள். அடையாறு எங்கள் தெருவுக்குள் வந்தபோது நடுராத்திரி. நான் வீட்டில் இருந்தேன். மூன்றாம் நாள் இடுப்பளவு தண்ணீரில் நடந்துபோய் ஷட்டரைத் தூக்கினேன். சுவரில் என் தலைக்கு மேலே ஒரு சேற்றுக்கோடு. கம்ப்யூட்டர் புரோகிராம்படி இரும்பைக் கடையும் இரண்டு சிஎன்சி மிஷினும் அதற்குக் கீழே.

மிஷின் போனதுதான் பெரிய நஷ்டம் என்று எல்லோரும் நினைத்தார்கள். மிஷினைக் காப்பாற்ற வழி இருந்தது. கரண்ட் கொடுக்காமல் நல்ல தண்ணீரில் கழுவி, எண்ணெய் அடித்து, மோட்டார்களை வைண்டிங் கடையில் காயவைத்து, கரண்ட் கசிகிறதா என்று மெகர் கருவி வைத்துப் பார்த்த பிறகு ஒவ்வொன்றாக ஓட்டினோம். அவசரப்பட்டு ஸ்விட்சைப் போட்டவர்களுக்கு மோட்டாரை ஓட்டும் டிரைவ் போர்டுகள் மொத்தமாக எரிந்தன. எங்களுக்கு ஐந்து வாரத்தில் ஒரு மிஷின் திரும்பியது.

ஆனால் அதை ஓட்டுவதற்கு ஒன்றும் இல்லை. சிஎன்சியில் மிஷினின் அளவுகளை ஒரு சின்ன பேட்டரிதான் காப்பாற்றி வைத்திருக்கும். அது போனால் மிஷின் தன்னையே மறந்துவிடும். அந்த அளவுகளை மெமரி கார்டில் எடுத்துவைக்க பத்து நிமிடம் போதும். நான் எடுக்கவில்லை. பத்து வருட டிராயிங்கும் புரோகிராமும் தரையில் வைத்திருந்த ஒரே கம்ப்யூட்டரில் இருந்தன. மீதி எங்கள் ஃபோர்மேன் தலையில் இருந்தது. அவர் வீடு முடிச்சூர். அங்கேயும் வெள்ளம், நான்கு நாள் போனே கிடைக்கவில்லை. அவர் உயிரோடு இருக்கிறாரா என்றே தெரியாமல் நான் அழுத ராத்திரி ஒன்று உண்டு. மூன்று நாள் நின்ற தண்ணீருக்கு மூன்றரை மாதம் பட்டறையை மூடிவைத்தேன் என்றால், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்திருந்ததுதான் காரணம்.

இன்சூரன்ஸ் கதையும் அப்படித்தான். பாலிசி இருந்தது, பிரீமியம் தவறாமல் கட்டினேன். மிஷின் வாங்கிய வருடம் போட்ட 30 லட்சத்தை அப்படியே புதுப்பித்துக்கொண்டே வந்தேன். வெள்ளம் வந்தபோது உள்ளே இருந்த பொருளின் மதிப்பு 60 லட்சம், நஷ்டம் 22 லட்சம். 30-க்குள்தானே நஷ்டம், முழுசாகக் கிடைக்கும் என்று நம்பினேன். கிடைத்தது 11. பாதி மதிப்புக்குத்தான் பாலிசி என்றால் எந்த நஷ்டத்திலும் பாதிதான் வரும் என்று சர்வேயர் பொறுமையாக விளக்கினார். பாலிசியிலேயே அச்சடித்திருந்தது, நான் படித்ததில்லை. அப்புறம், இன்னொரு விஷயம்: சேற்றை வாரிக் கொட்டுவதற்கு முன் போட்டோ எடுத்ததால்தான் அந்த 11-ம் வந்தது. அதற்கு என் மனைவிக்கு நன்றி சொல்ல வேண்டும்.

சரி, எது காப்பாற்றியது என்றால், ஒரு போன். டிசம்பர் 4-ஆம் தேதி பக்கத்து வீட்டுக்காரர் போனிலிருந்து எங்களிடம் பாகம் வாங்கும் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியின் பர்ச்சேஸ்காரருக்குப் பேசி, "ஐந்து வாரத்துக்கு என்னால் ஒரு பீஸ்கூடத் தர முடியாது, வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் சார்" என்று சொன்னேன். இரண்டு நாளில் அவரே திரும்ப அழைத்து, அம்பத்தூரில் ஒரு பட்டறையில் ராத்திரி ஷிப்ட் காலியாக இருக்கிறது, உங்கள் ஆட்களை வைத்து அங்கே ஓட்டுங்கள் என்றார். அந்தப் பட்டறைக்காரர் கொட்டேஷனுக்குக் கொட்டேஷன் என்னோடு மோதுகிறவர். மூன்று மாதம் மிஷின் கொடுத்தார், கரண்ட் பில் மட்டும் வாங்கிக்கொண்டார். இன்றும் அவர் வீட்டு விசேஷம் எதையும் நான் தவறவிடுவதில்லை.

உனக்குப் பிடிக்கும் என்று ஒரு செய்தி சொல்கிறேன். 1997 பிப்ரவரி 1-ஆம் தேதி ஜப்பானில் ஐசின் என்ற கம்பெனியின் காரியா ஆலை எரிந்தது. டொயோட்டா கார்களின் பிரேக்குக்கு வேண்டிய ஒரு சின்ன வால்வு ஏறக்குறைய முழுவதும் அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. கையிருப்பு சில மணி நேரத்துக்குத்தான். டொயோட்டா ஆலைகள் நின்றன. ஐசின் தன் டிராயிங்குகளைக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தது. கார் பாகமே செய்திராத பிரதர் கம்பெனிகூட அந்த வால்வைக் கடைந்து கொடுத்தது. உன் யூனிட்டில் ஓடுகிறதே, அதே தையல் மிஷின் பிரதர்தான். சில நாட்களில் கார்கள் திரும்ப வரத் தொடங்கின. கொடுப்பதற்கு டிராயிங் இருந்ததையும், கேட்பதற்கு ஆட்கள் இருந்ததையும் நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறேன்.

2023-இல் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் பட்டறைக்குள்ளே இரண்டடி தண்ணீர். கரண்ட் பேனல்களை நான்கடி உயர்த்தியிருந்தோம், அளவுகள் கார்டிலும் மகன் லேப்டாப்பிலும் இருந்தன, மூன்று மாதச் சம்பளம் தனிக் கணக்கில் கிடந்தது. ஒன்பதாம் நாள் ஓட்டினோம். அந்தச் சம்பளக் கணக்கைச் சேர்க்க எனக்கு ஆறு வருடம் ஆனது, நடுவில் கொரோனா ஒருமுறை மொத்தமாகக் காலி செய்தது.

இனி உன் விஷயம். வரி எப்போது குறையும் என்பது உன் கையிலும் இல்லை, என் கையிலும் இல்லை. உன் ஈசிஜிசி பாலிசியை, அதாவது ஏற்றுமதிக் கடன் இன்சூரன்ஸை, நம்பி உட்காராதே. அனுப்பிய சரக்குக்கு வாங்கியவன் பணம் தராவிட்டால்தான் அது உதவும், ஆர்டரே வராததற்கு அல்ல. பத்தில் எட்டு பங்கு ஒரே ஆளுக்குத் தைத்தோம் என்று நீயே எழுதியிருக்கிறாய். அதைச் சரிசெய்ய இரண்டு வருடமாவது ஆகும். அதுவரை உள்நாட்டு ஜாப் ஒர்க் குறைந்த விலைக்கு வந்தாலும் எடு. பவர்டேபிள் ஓடட்டும்.

நகையை வைக்க வேண்டியிருந்தால் வை, போனஸைக் கொடுத்துவிடு. தீபாவளிக்கு ஊருக்குப் போகிறவர்கள் திரும்பி வருவார்களா என்பது நாளைக்கு நீ அவர்களிடம் பேசுவதில்தான் இருக்கிறது. உன் பேட்டர்ன் மாஸ்டர் உட்பட எல்லோரையும் கூப்பிட்டு, எத்தனை ஆர்டர் இருக்கிறது, எத்தனை நாள் வேலை தர முடியும் என்று உள்ளபடி சொல். பேங்க் மேனேஜரிடமும் தவணை தவறுவதற்கு முன்பே போய்ப் பேசு. தவறிய பிறகு போனால் அவர் கை கட்டப்பட்டிருக்கும்.

பேட்டர்ன்கள், அளவுச் சார்ட்கள், பையர் அப்ரூவல் எல்லாம் யார் யாரிடம் இருக்கின்றன என்று ஒரு தாளில் எழுதிப் பார். மாஸ்டரிடம் மட்டும் இருப்பவற்றை இந்த வாரமே நகல் எடு. ஃபயர் பாலிசியை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு, இன்சூர் செய்த தொகை இருக்கும் பக்கம் தெளிவாக விழட்டும். நான் படித்துவிட்டுப் புதன்கிழமை ராத்திரி ஒன்பதுக்கு மேல் கூப்பிடுகிறேன். கொஞ்சம் பணம் வேண்டுமென்றால் அப்போதே கூச்சப்படாமல் சொல், என்னால் இரண்டு லட்சம் புரட்ட முடியும்.

அம்மாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது? தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல். இங்கே வானம் இப்போதே மூட்டம் போட்டிருக்கிறது, சாயங்காலம் பட்டறைக்குப் போய் மோட்டார் பம்பை ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும்.

உன்,
மணி