ஒற்றைக் கை விருந்து

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன இதழின் பயணப் பக்கத்தில், நெடுந்தூரம் கார் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு யோசனை சொல்லியிருந்தீர்கள். வழியில் நிறுத்தி நேரத்தை வீணாக்காமல், ஒரு கையால் எடுத்துச் சாப்பிடக்கூடிய பண்டமாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு போக வேண்டுமாம். சரி, ஏதோ அவசரத்தில் எழுதியது என்று விட்டுவிடலாம் என்றால், அடுத்த பக்கத்திலேயே கைபேசியைப் பார்த்தபடி வண்டி ஓட்டுகிறவர்களைக் கண்டித்து அரைப் பக்கக் கட்டுரை. கைபேசி பிடித்த கை குற்றவாளி, ரொட்டி பிடித்த கை புத்திசாலி. நல்ல நியாயம்!

உங்களுக்குத் தெரியாத கணக்கில்லை. மணிக்கு 60 கிலோமீட்டரில் போகிற கார் ஒரு நொடியில் 16 மீட்டருக்கு மேல் போய்விடும். மடியில் சிந்திய துணுக்கைத் தட்டிவிட்டு நிமிர இரண்டு நொடி என்றால், 33 மீட்டர் தூரம் அந்த வண்டியை யாருமே ஓட்டவில்லை. வேகம் 100 என்றால் 55 மீட்டர்.

எதற்கு இவ்வளவு எரிச்சல் என்று கேட்பீர்கள். அந்த விருந்தை நானும் சாப்பிட்டவன். எட்டு வருடம் முன்பு, ஒரு கையில் ஸ்டீயரிங், மறு கையில் ரொட்டி. தண்ணீர் பாட்டிலைப் பிடிக்க மூன்றாவது கை இல்லாததால் தொடைக்கு நடுவே இடுக்கியிருந்தேன். ஒரு வளைவில் அது நழுவிக் கீழே உருண்டது. முன்னால் போன வண்டியின் பிரேக் விளக்கு எரிந்தது. மிதித்தேன். பெடல் பாதியில் நின்றுவிட்டது, அடியில் பாட்டில். இன்னும் அழுத்தினேன், பிளாஸ்டிக் நொறுங்கும் சத்தம் கேட்டது, அப்புறம்தான் பிரேக் பிடித்தது. முன் வண்டியின் பின்கண்ணாடி வழியாக ஒரு குழந்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. லேசாகத்தான் முட்டினேன், யாருக்கும் அடியில்லை. இறங்கி வந்தவர் திட்ட வாயைத் திறந்தார். என் கையைப் பார்த்ததும் ஒன்றும் சொல்லாமல் நின்றுவிட்டார். பாதி ரொட்டி அப்போதும் என் கையில் இருந்தது. அன்று அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் இந்தக் கடிதம் இத்தனை நீளம் ஆகியிருக்காது.

காபி, டீயைப் பற்றி உங்கள் கட்டுரை மூச்சு விடவில்லை; அதுவரைக்கும் புண்ணியம். 70 டிகிரிச் சூட்டில் இருக்கும் காபி பட்டால், தோல் வெந்துபோக ஒரு நொடி போதும். மடியில் கொட்டினால் எவனும் முதலில் துள்ளத்தான் செய்வான், கால் எந்தப் பெடலில் இருக்கிறது என்று அப்புறம்தான் யோசிப்பான். வாய்க்கு நேரே கோப்பையைப் பிடித்திருக்கும்போது மோதி, ஏர்பேக் விரிந்தால் அந்தக் கோப்பை எங்கே போய் இடிக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இதோடு இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. புதிய கார்களை அறிமுகம் செய்யும் உங்கள் பக்கத்தில், பிரேக் போட்டால் வண்டி எத்தனை மீட்டரில் நிற்கும் என்று ஒருநாளும் படித்ததாக நினைவில்லை. கோப்பை வைக்கும் குழிகளை மட்டும் தவறாமல் எண்ணிப் போடுகிறீர்கள். நான் கார் வாங்கிய இடத்திலும் முதலில் திறந்து காட்டியது அந்தக் குழியைத்தான். இரண்டு வருடம் முன்பு, கண்ணைக் கூசவைக்கும் முகப்பு விளக்குகளைப் பற்றி உங்களுக்கு எழுதினேன். பாதியை வெட்டிவிட்டு, 'ஒரு முதியவரின் ஆதங்கம்' என்று தலைப்புப் போட்டீர்கள். எனக்கு அப்போது வயது 46.

பிரிட்டனின் சாலை விதிநூல், ஓட்டும்போது சாப்பிடுவதையும் குடிப்பதையும் கவனத்தைச் சிதறடிக்கும் காரியங்களில் சேர்த்திருக்கிறது. இரண்டு மணி நேர ஓட்டத்துக்குக் குறைந்தது 15 நிமிடம் நிறுத்தி ஓய்வெடுக்கவும் சொல்கிறது. ஒரு ரொட்டியைத் தின்ன அந்த 15 நிமிடம் தாராளம்.

இவ்வளவு எழுதிவிட்டுக் கேட்பது சின்ன விஷயம்தான். அடுத்த இதழின் ஏதாவது ஒரு மூலையில், 'வண்டியைப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்திவிட்டுச் சாப்பிடவும்' என்று ஒரு வரித் திருத்தம் போடுங்கள். குறுக்கெழுத்துப் புதிரில் ஓர் எழுத்து மாறியதற்கே கட்டம் கட்டி வருத்தம் தெரிவித்தவர்கள் நீங்கள். கடிதத்தை வெட்டுவதானால் முகப்பு விளக்கை வெட்டிக்கொள்ளுங்கள், ரொட்டி இருக்கட்டும்.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரன்